வட்டமாகவும் நீளமாகவும் ஒரே மைட்டோகாண்ட்ரியா

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எலியின் கல்லீரல் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கொடுத்து, உறுப்புகளுக்குப் பெயர் குறித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பாடநூலின் வண்ணப் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்று அவள் குறித்தவற்றில் சில வட்டம், சில நீளம். செல் பிரியும்போது உதவும் சென்ட்ரியோலைக் காணவே காணோம். எதை நம்புவது? (ஒரு தாய், திருமங்கலம்)

பதில்: இரண்டையுமே நம்பலாம் அம்மா. பாடநூல் படம் கல்யாண வீட்டில் எடுக்கும் குடும்பப் படம் மாதிரி. எல்லோரையும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். மகளிடம் இருப்பது செல்லின் ஒரே ஒரு சீவல்.

எவ்வளவு மெல்லிய சீவல்? கல்லீரல் செல்லின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 நானோமீட்டர்). அதைப் பிசினில் உறைய வைத்து, கண்ணாடி அல்லது வைரக் கத்தியால் 70 நானோமீட்டர் கனத்தில் சீவினால் ஏறக்குறைய 285 சீவல்கள் வரும். சென்ட்ரியோலோ 0.2 மைக்ரான் தடிமனும் அரை மைக்ரான் நீளமும் கொண்ட சிறு உருளை. குறிப்பிட்ட ஒரு சீவலில் அது சிக்காமல் போவதுதான் இயல்பு. இல்லாததைக் குறிக்கவில்லை என்று யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடாது.

வட்டத்துக்கும் நீளத்துக்கும் விடை சமையலறையில் இருக்கிறது. ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்குங்கள், இன்னொன்றைச் சாய்வாக, மற்றொன்றை நெடுக்காக. வட்டம், முட்டை வடிவம், நீளம் என மூன்றும் கிடைக்கும், காய் ஒன்றுதான். வடிவத்தை வைத்துப் பெயர் சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

பிறகு எதை வைத்துச் சொல்வது? சவ்வை எண்ண வேண்டும். வெளியே ஒரு சவ்வு, உள்ளே மடிப்பு மடிப்பாக இன்னொன்று என்றிருந்தால் அது மைட்டோகாண்ட்ரியா. உட்கருவுக்கும் இரட்டைச் சவ்வு உண்டு. ஆனால் அதில் ஆங்காங்கே துளைகள் இருக்கும், உள்ளே கரிய திட்டாக உட்கருமணியும் தெரியும். ஒற்றைச் சவ்வுக்குள் கருமையாக, ஒழுங்கில்லாமல் ஏதேதோ அடைந்து கிடந்தால் பெரும்பாலும் செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோம்.

எலியின் கல்லீரலில் மாணவர்கள் அடிக்கடி ஏமாறுவது பெராக்சிசோம் என்னும் நொதிப் பையில். அதுவும் வட்டம்தான். சவ்வு ஒன்றே, மடிப்பு கிடையாது. நடுவில் படிகம் போன்ற கரிய மையம் தெரியும். யூரேட் ஆக்சிடேஸ் என்னும் நொதி அங்கே படிகமாக உறைந்திருக்கிறது. மனிதருக்கு அந்த நொதி இல்லாததால் நம் கல்லீரல் செல்லில் இந்தக் கரிய மையத்தைப் பார்க்க முடியாது.

சொரசொரப்பான எண்டோபிளாச வலை, மடித்து அடுக்கிய சுங்குடிச் சேலைகளின் விளிம்பு போல இணைகோடுகளாகத் தெரியும். ஒட்டியிருக்கும் புள்ளிகள் புரதம் செய்யும் ரைபோசோம்கள். வலையின் தட்டையான பைகளுக்கு வெளிப்புறத்தில் மட்டுமே இருக்கும். எதிலும் ஒட்டாமல் கொத்துக் கொத்தாக, சற்றுப் பெரிதாக இருப்பவை கிளைகோஜன், அதாவது செல் சேமித்து வைத்த சர்க்கரை.

நிறத்தைப் பற்றி: எலக்ட்ரானுக்கு நிறம் கிடையாது. ஆஸ்மியம், யுரேனியம், ஈயம் ஆகிய கன உலோகங்கள் படிந்த இடம் எலக்ட்ரான்களைச் சிதறடிப்பதால் கருப்பாகத் தெரிகிறது. வண்ணத்தில் வரும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்குப் பிற்பாடு கணினியில்தான் சாயம் பூசுகிறார்கள்.

படத்தின் மூலையில் ஒரு அளவுகோடு இருக்கும். 1 மைக்ரான் என்று எழுதிய கோடு காகிதத்தில் 2 சென்டிமீட்டர் இருந்தால் உருப்பெருக்கம் 20,000 மடங்கு; 4 சென்டிமீட்டர் நீளமுள்ள மைட்டோகாண்ட்ரியா உண்மையில் 2 மைக்ரான். ஜெராக்ஸில் படம் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கும். ஆகவே ‘×20,000’ என்று அச்சிட்ட எண்ணைவிட நான் கோட்டையே நம்புவேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, என் படம் ஒன்றில் கரிய உருண்டைகளைக் கண்டு ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். செல்லே இல்லாத வெற்றிடத்திலும் அவை இருப்பதைக் கவனித்த பிறகுதான் விளங்கியது: சாயமேற்றும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து படிந்த ஈய உப்பு. மகளின் படத்திலும் செல்லுக்கு உள்ளும் புறமும் ஒரே மாதிரி கரும்புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அவற்றுக்குப் பெயர் தேட வேண்டாம்.