ஸ்பீக்கரில் ஒரு ‘நல்லா இருக்கேன்’

(கோவிட் ஊரடங்குக் காலத்தில் வந்த ஒரு கடிதமும் அதற்கான பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மனைவிக்கு இப்போது 31ஆவது வாரம். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து நான், அவள், என் பெற்றோர் நால்வரும் வீட்டிலேயே இருக்கிறோம். அவள் ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறாள் என்று எண்ண முடியவில்லை. விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை செல்பேசியில் இறப்பு எண்ணிக்கையைப் பார்க்கிறாள். பிரசவ அறைக்குள் துணைக்கு யாரையும் விடமாட்டோம் என்று மருத்துவமனையில் சொன்னபிறகு இன்னும் மோசம். ஆனால் செவ்வாய்தோறும் மருத்துவர் அழைக்கும்போது (எல்லோரும் கேட்கலாமே என்று ஸ்பீக்கரில்தான் பேசுவோம்) “நல்லா இருக்கேன் டாக்டர்” என்கிறாள். “தைரியமா இரு, நீ கவலைப்பட்டா குழந்தைக்கு ஆகாது” என்று நாங்களும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம்.

தாயின் கவலை குழந்தையின் மூளையைப் பாதிக்குமா? குழந்தைக்கு எந்த இசையைக் கேட்கவைக்கலாம்? தூக்க மாத்திரை கொடுத்தால் குழந்தைக்கு ஆபத்தா?

கே.

அன்புள்ள கே.,

மூன்று கேள்விகள், மூன்றிலும் குழந்தை. தோல் வெடித்த கையோடு இரண்டு மணிக்கு விழித்திருப்பவரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. உங்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். விரல் இடுக்குவரை பார்த்திருக்கிறீர்கள்; பல வீடுகளில் அதைக்கூட யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் கோபம் வருகிறது.

மூளை பற்றி: தாயின் உடலில் சுரக்கும் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. ஒரு வாரக் கவலையில் குழந்தை கெட்டுப்போய்விடாது. கடுமையான மனச்சோர்வு சிகிச்சையில்லாமல் மாதக்கணக்கில் நீடித்தால் குறைமாதப் பிரசவம், எடை குறைவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. சிகிச்சைக்கு அழைத்துப்போக அது காரணம். அவரை மிரட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள். இசை: அவருக்குப் பிடித்ததைப் போடுங்கள், பிடிக்காவிட்டால் அணையுங்கள். மாத்திரை: நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் செர்ட்ராலின் அவற்றில் ஒன்று. அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுபவர் கர்ப்பம் என்றதும் தானாக நிறுத்துவதும் இதே அளவு தப்பு.

இப்போது அந்த ‘நல்லா இருக்கேன்’. கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். நேரில் பரிசோதனை நடந்தபோது மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு, “நீங்க வெளியே இருங்க” என்று நம்மிடம் சொல்ல முடிந்தது. தொற்றுக்காலம் பரிசோதனையைத் தொலைபேசிக்கு மாற்றியது. அந்தக் கதவு போய்விட்டது. ஸ்பீக்கரைச் சுற்றி மாமனார், மாமியார், கணவர். உங்கள் மனைவி ஏற்கெனவே தொற்றுக்குப் பயந்தவர். அதன்மேல் ‘நீ பயப்படுவதே குழந்தைக்குக் கெடுதல்’ என்று நீங்கள் மூவரும் தினமும் சொல்லிவைத்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே “பயமா இருக்கு டாக்டர்” என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? வேறென்ன சொல்வார்? நாளெல்லாம் நாலு பேர் நடுவில் இருக்கிறார், மனம்விட்டுப் பேசப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை.

மருத்துவர்கள் பயன்படுத்தும் எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987இல், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உருவானது. கர்ப்பத்திலும் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 30. களைப்பு, பசியின்மை பற்றி அதில் கேட்கவேமாட்டார்கள். கர்ப்பமே அவற்றைத் தரும் என்பதால். பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மதிப்பீடு தேவை. 10 முதல் 12 என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி. வீட்டில் போட்டுப் பார்ப்பவர்கள் கூட்டலில்தான் தவறுகிறார்கள்: 1, 2, 4 ஆகியவற்றுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3, மற்ற ஏழுக்கும் தலைகீழாக 3இல் தொடங்கவேண்டும்.

தொற்றுக்காலத்தில் இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்கிறது. நான்காவது, ஐந்தாவது கேள்விகள் ‘தகுந்த காரணம் இல்லாமல்’ கவலைப்பட்டீர்களா, பயந்தீர்களா என்று கேட்கின்றன. உலகமே முகக்கவசம் போட்டிருக்கும்போது, “காரணம் இருக்கத்தானே செய்கிறது” என்று நினைத்துப் பல பெண்கள் ‘இல்லை’யில் குறிபோட்டுவிடுவார்கள். மதிப்பெண் குறைகிறது, பயம் அப்படியே இருக்கிறது. ஆகவே எண்ணை மட்டும் நம்பவேண்டாம். பயம் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று பாருங்கள். சிறுநீர் கழிக்க எழுந்து, திரும்பிப் படுத்ததும் தூங்கிவிட்டால் அது 31ஆவது வாரத்தின் வழக்கம். திரும்பி வந்தும் விடியும்வரை விழித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டியது. தைராய்டையும் இரத்தசோகையையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டுமே மனச்சோர்வு போலவே வேஷம் கட்டும். செல்பேசி இரவில் வேறு அறையில் இருக்கட்டும். உங்களுடையதும்தான்.

பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் 4தான் வந்தாலும், இதில் ‘எப்போதும் இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் பேசவேண்டும். நீங்களும் கேட்கலாம், பெற்றோர் இல்லாதபோது, நேரடியாக: “செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால், சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டுங்கள், உடனே மருத்துவரை அழையுங்கள். “குழந்தையை நினைச்சுப் பாரு” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் அடுத்த முறை உங்களிடமும் ‘நல்லா இருக்கேன்’தான்.

கை கழுவுவதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கை சுத்தமானதும் “போதும்” என்று மனம் விடுகிறதா என்பதைக் கவனியுங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி போதும். அது முடிந்தும் ‘இன்னும் ஒருமுறை’ என்று இழுத்தால் எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். கர்ப்பத்தில் அது புதிதாகத் தொடங்குவதும் உண்டு, முன்பிருந்தது கூடுவதும் உண்டு. “கை சுத்தமாத்தானே இருக்கு?” என்று கேட்டால் ஒருமுறை பதில் சொல்லுங்கள். பத்துமுறை சமாதானம் சொன்னால், பதினோராவது முறையும் கேட்கப் பழக்கிவிடுவீர்கள். வெடித்த இடத்தில் வாசனையில்லாத களிம்பு தடவட்டும்.

சிகிச்சைக்குப் பெரிய மனநல நிபுணர் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். பாகிஸ்தான் கிராமங்களில், கடைசி மூன்று மாதத்தில் மனச்சோர்வோடு இருந்த பெண்களிடம் பயிற்சிபெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிப் போய்ப் பேசினார்கள், மொத்தம் 16 சந்திப்புகள். 2008இல் முடிவு வெளிவந்தது: குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அப்பெண்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது, அந்தப் பயிற்சி இல்லாத பணியாளர்கள் வழக்கம்போல் வந்துபோன வீடுகளின் பெண்களில் 53 சதவீதம்.

பிரசவத்துணை விஷயத்தில் மருத்துவமனை சொன்னதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொற்றுக்காலத்திலும் பெண் விரும்பும் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. துணையிருந்தால் பிரசவ நேரமும் அறுவைச் சிகிச்சையும் குறைகின்றன. எழுத்தில் கேளுங்கள்: ஒரே ஆள், ஆள் மாறமாட்டார், பரிசோதனை முடிவோடு வருவார், முகக்கவசத்தைக் கழற்றமாட்டார். யார் அந்த ஆள் என்பதை உங்கள் மனைவியே சொல்லட்டும். நீங்களாக இல்லாமலும் போகலாம். மருத்துவமனை மறுத்தால், பிரசவத்தின் எந்தக் கட்டத்திலிருந்து துணையை விடுவார்கள், காணொளி அழைப்புக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவையுங்கள். நீளமான கம்பியுள்ள சார்ஜர் ஒன்று பையில் இருக்கட்டும்.

வரும் செவ்வாய்க்கு முன்னால் மருத்துவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். தூக்கம், கை, செல்பேசி மூன்றையும் இரண்டு வரியில் எழுதி, “இந்தச் செவ்வாய் அவர் தனியாகப் பேசுவார்” என்று சேர்த்துவிடுங்கள். அனுப்புமுன் மனைவியிடம் காட்டுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் வரும்படி மருத்துவர் கேட்கட்டும். அழைப்புக்குப் பத்து நிமிடம் முன்பே பெற்றோரையும் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ போய்விடுங்கள், அரைமணி நேரம். சாவியை எடுத்துக்கொண்டு போங்கள். கதவைத் திறக்க அவர் பாதியில் எழுந்து வரவேண்டாம்.