எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது: கோல்ஃப் ஷூ கேள்வி பதில்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை கற்றவன். இப்போது பெங்களூரில் விளையாட்டு ஷூக்களின் சோல் வடிவமைக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

இந்திரா நகரிலிருந்து: சார், ஓடுவதற்கு வாங்கிய ஷூவில்தான் கோல்ஃப் ஆடுகிறேன். மெத்தென்று இருக்கிறது. தனி ஷூ எதற்கு?

அந்த மெத்துதான் வினை. ஓட்ட ஷூ நேராக முன்னே போவதற்குச் செய்தது. கோல்ஃபில் உடம்பு முறுக்கி அவிழ்கிறது. வலது கைக்காரர் மட்டையைப் பின்னே தூக்கும்போது எடை வலது பாதத்தின் உள்பக்கம் இறங்கும். அடிக்கும்போது இடது காலுக்குத் தாவி, அடித்து முடிக்கையில் அதன் வெளி விளிம்புக்குப் போய்விடும். நல்ல ஆட்டக்காரரின் இடது கால் அந்த நொடியில் அவருடைய உடல் எடையைவிட அதிகமாகவே தரையை அழுத்தும். தடிமனான பஞ்சு சோல் அந்தப் பக்கம் நசுங்கினால் கணுக்கால் சாயும். மெத்தை மேல் நின்று உலக்கை போட்டுப் பாருங்கள், புரியும்.

டிசைன் படிக்கும் மாணவி: வளைவும் வேண்டும், உறுதியும் வேண்டும் என்றால் இரண்டையும் பாதிப் பாதி வைப்பதா?

அப்படிச் செய்தால் நடக்கவும் வசதியிருக்காது, நிற்கவும் வசதியிருக்காது. அளவைப் பார்க்காதே அம்மா, இடத்தையும் திசையையும் பார். விரல்கள் தொடங்கும் மூட்டில் ஷூ தாராளமாக மடங்கட்டும். குதிகாலிலிருந்து பாதக் குழிவு வரை மடங்கவும் கூடாது, முறுகவும் கூடாது. அதற்காகத்தான் நடுவில் ஷாங்க் என்ற பட்டை வைக்கிறோம். எஃகிலும் செய்யலாம், கண்ணாடியிழையிலும் செய்யலாம், கெட்டி பிளாஸ்டிக்கிலும் செய்யலாம்.

ஒரு முறை நான் சாம்பிளில் ஷாங்க்கை விரல் மூட்டையும் தாண்டி நீட்டிவிட்டேன். மேஜையில் வைத்துப் பார்த்தபோது அம்சமாக இருந்தது. போட்டு நடந்தவருக்கு அடிக்கு அடி குதிகால் மேலே எழும்பி, 18 குழி ஆட்டத்தில் நாலாவது குழியிலேயே கொப்புளம். முன்பக்கம் மடங்க மறுத்தால் பின்பக்கம் கழன்றுதானே வரும்? அதை வெட்டிக் குறைத்த பிறகுதான் சரியானது.

இன்னொன்று. சோலில் மடிப்புக்காக வெட்டும் பள்ளத்தைக் குறுக்கே நேராகப் போடாதே. கட்டைவிரல் மூட்டு முன்னால் இருக்கிறது, சுண்டுவிரல் மூட்டு சற்றுப் பின்னால். பள்ளமும் அப்படியே சாய வேண்டும். வெளி விளிம்பில் சோலைக் கொஞ்சம் அகலமாக்கி, ஓரத்தைச் சுவர்போல மேலே ஏற்று. பாதம் வழிந்து வெளியே போகாது.

கடையில் சோதிப்பதற்கும் இதேதான் வழி. குதிகாலைப் பிடித்து நுனியை அழுத்தினால் விரல் மூட்டில் மடங்க வேண்டும். ஈரத் துணி பிழிவதுபோல் முறுக்கினால் முரண்டு பிடிக்க வேண்டும்.

பிரேசர் டவுனிலிருந்து: ஸ்பைக் உள்ளதா, இல்லாததா?

ஸ்பைக் என்பது வழுக்காமலிருக்க சோலின் அடியில் வைக்கும் முள். இரும்பு ஸ்பைக் புல்லைக் கிழிக்கிறது என்று 1990களிலேயே கிளப்கள் ஒதுக்கத் தொடங்கிவிட்டன. இப்போது ஸ்பைக் என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். 2010 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஃப்ரெட் கப்பிள்ஸ் ஸ்பைக் இல்லாத ஷூவோடு வந்த பிறகு அந்த வகைக்கு மவுசு கூடியது. நம்ம ஊரில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதுவே தாராளம். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை ஈரப் புல், சரிவு என்றால் ஸ்பைக் வைத்ததைப் போடுங்கள்.

டொம்லூரிலிருந்து ஒரு கேடி (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து நடப்பவர்): அண்ணா, மெம்பர் ஒருவர் அலமாரியில் வைத்திருந்த ஷூவைக் கொடுத்தார். பார்க்கப் புத்தம் புதுசு. மூன்றாம் நாளே சோல் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்துவிட்டது. நான் அதிகமாக நடந்ததாலா?

உன் மேல் தப்பில்லை தம்பி. அது பாலியூரித்தேன் சோலாக இருக்கும். காற்றின் ஈரம் வருடக்கணக்கில் உள்ளே போய் அதை அரித்துவிடும். போடாமல் பெட்டியில் வைத்தாலும் உதிரும். அடுத்த முறை சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்திப் பார். பிசுபிசுத்தாலோ பொடிந்தாலோ வேண்டாமென்று சொல்லிவிடு. ஈவிஏ நுரை சோலுக்கு இந்த வியாதி கிடையாது.

18 குழி நடந்தால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டு ரவுண்டு, தோளில் பை. உனக்கு முறுக்கைத் தாங்கும் ஷூவைவிட முன்பக்கம் நன்றாக மடங்கும் லேசான ஷூதான் முக்கியம். ஸ்பைக் இல்லாததாகவே வாங்கு. மைதானத்தில் கூடுதலாக நடப்பவர்கள் நீங்கள்தான், சாம்பிளைப் போட்டுப் பார்க்க உங்களை யாரும் கூப்பிடுவதில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

விவேக் நகரிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு 11 வயது. வளரும் கால் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

வேண்டாம் அக்கா. கால் உள்ளேயே வழுக்கினால் எந்த சோலும் காப்பாற்றாது. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் போதும். பெரியவர்களுக்கான கெட்டி சோல் குழந்தையின் எடைக்கு மடங்கவும் மடங்காது. மாலையில் கூட்டிப் போங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும்.

அல்சூரிலிருந்து: மழையில் நனைந்த தோல் ஷூவை வெயிலில் காய வைக்கலாமா?

கூடாது. தோல் விறைக்கும், பசை விடும். உள்ளே இருக்கும் இன்சோலை உருவிவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பேப்பரை மாற்ற வேண்டும். தமிழ்ப் பேப்பரோ கன்னடப் பேப்பரோ, ஷூ ஒன்றும் சொல்லாது.