வெள்ளைச் சாலைகளில் சைக்கிள்: டஸ்கனி மேடுகள் பற்றிக் கேள்வி பதில்

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில், சியெனா நகரைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களை ஐந்து முறை சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். வண்டிச் சத்தம் இல்லாமல் அங்கே ஓட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்துத் தருகிறேன்.

அண்ணா, படங்களில் சாலை காலியாக இருக்கிறது. நேரில் போனால் சுற்றுலா பஸ்ஸும் காருமாகத்தானே இருக்கும்?

தார்ச்சாலையிலேயே போனால் அப்படித்தான் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது தார் போடாத சாலைகளை. 'ஸ்ட்ராதே பியாங்கே', அதாவது வெள்ளைச் சாலைகள் என்பார்கள். வெளிறிய சரளையைக் கொட்டி இறுக்கிய பாதைகள் அவை. காரில் வருபவர்கள் தூசிக்கும் கல்லுக்கும் பயந்து அந்தப் பக்கம் திரும்புவதில்லை. காலை எட்டு மணிக்கு அஷானோ ஊரைத் தாண்டி ஏறினால், பதினொரு கிலோமீட்டருக்கு ஒரு டிராக்டரும் தபால்காரர் வண்டியும் மட்டுமே எதிரே வந்த நாள் எனக்கு உண்டு.

இத்தனை பாதைகள் ஏன் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பல நூற்றாண்டுகளாக 'மெட்ஸாத்ரியா' என்ற முறை இருந்தது. நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு விடுவது போலத்தான். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. வாரத்துக்கு உழுத குடும்பம் ஊருக்குள் இல்லாமல் அந்த நிலத்திலேயே, பெரும்பாலும் மேட்டின் மேல், கல்வீட்டில் குடியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாதை தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போனார்கள். 1964-ல் புதிதாக இப்படி வாரத்துக்கு விடுவதையே சட்டம் தடை செய்தது. வீடுகள் காலியாயின, பாதைகள் மட்டும் மிஞ்சின. நாம் அனுபவிக்கும் அமைதி, அந்தக் குடும்பங்கள் விட்டுப்போன அமைதி. கூரை இறங்கிய கல்வீட்டின் பக்கத்தில் ரொட்டி சுடும் அடுப்பு இன்னும் நிற்பதைப் பார்த்தால் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

மிஞ்சிய பாதைகளுக்கும் தார் போட்டுவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்ததுதான் 'லெரோய்க்கா'. 1997-ல் காயோலே என்ற சிற்றூரில் தொடங்கிய பழைய சைக்கிள்களின் ஓட்டம் இது. அதன் பாதையில் இப்போது ஆண்டு முழுக்க வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. சுமார் 209 கிலோமீட்டர் வட்டம். யாரும் எந்த நாளும் ஓட்டலாம். நான்கைந்து நாளாகப் பிரித்து ஓட்டுங்கள்.

வயது 54. இதுவரை சமதளத்தில்தான் ஓட்டியிருக்கிறேன். ஏற முடியுமா?

முடியும். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சியெனா கடல்மட்டத்திலிருந்து 320 மீட்டர், மேட்டு ஊரான மொந்தால்சினோ 560 மீட்டர். எண்ணைப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் மேடு ஏறியதும் உடனே இறக்கம், இறங்கியதும் மறுபடி மேடு. நாள் முழுக்க இதுதான். ஐம்பது கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் ஏறிவிடுவீர்கள். சில இடங்களில் சரிவு 15 சதவீதத்தைத் தாண்டும்.

அதனால் கியரில் கஞ்சத்தனம் வேண்டாம். பெடலோடு சுற்றும் முன்பல்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் அதிகப் பல் இருக்கட்டும். முன்னால் 30, பின்னால் 40 என்றால் சுமையோடும் உட்கார்ந்தே ஏறலாம். நாளுக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் போதும். தள்ளிக்கொண்டு போவதிலும் தவறில்லை. நான் ஒவ்வொரு முறையும் எங்காவது தள்ளியிருக்கிறேன்.

சரளையில் சறுக்காதா? எந்த டயர் போடுவது?

40 மில்லிமீட்டர் அகல டயர். காற்றைக் கல்லாக இறுக்கி அடைக்காதீர்கள்.

பாதையைக் கூர்ந்து பார்த்தால் புரியும். டிராக்டர் சக்கரங்கள் ஓடி ஓடி இரண்டு பட்டைகள் சிமென்ட் போல இறுகியிருக்கும். நடுவிலும் வளைவின் வெளிப்பக்கத்திலும் உதிரிக்கல் குவிந்து கிடக்கும். பட்டையில் இருக்கும்வரை தார்ச்சாலை போலத்தான். பட்டை மாற நினைத்தால் நேராக, மெதுவாகக் கடக்க வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். உதிரிக்கல்லில் முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். செங்குத்தான இடங்களில் தரை தகரக்கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். அங்கே ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள்.

மழை பெய்தால் கதையே வேறு. சியெனாவுக்குத் தென்கிழக்கே 'கிரேத்தே' என்ற பகுதி முழுக்கக் களிமண். நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்கு உள்ளே அடைத்துவிடும். ஒருமுறை முந்நூறு மீட்டர் போவதற்குள் சக்கரமே சுற்றவில்லை. சுள்ளியால் சுரண்டிச் சுரண்டி ஒரு மணி நேரம் போனது. பலத்த மழைக்கு மறுநாள் அந்தப் பகுதியில் தார்ச்சாலையிலேயே போய்விடுங்கள்.

எந்தச் சாலையைத் தவிர்க்க வேண்டும்?

இரண்டாம் எண் போட்ட 'காஸியா' சாலை. ரோமானியர் காலத்து வழி, இன்று லாரிகளின் வழி. வரைபடத்தில் நேராகவும் எளிதாகவும் தெரிவதால் கைப்பேசி உங்களை அதில்தான் தள்ளும். ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே உள்ள விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. இருட்டியபின் ஊருக்கு வெளியேயும், சுரங்கப்பாதைக்குள் எந்நேரமும், ஒளி பிரதிபலிக்கும் மேலுடை போடுவது சட்டப்படி கட்டாயம்.

நான் சுத்த சைவம் அண்ணா. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இந்தப் பகுதி ஏழைக் குடியானவர்களின் சமையலில் வளர்ந்தது, அதனால் வழி இருக்கிறது. 'பீச்சி' என்று கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ் கிடைக்கும். 'அல்யோனே' என்று கேட்டால் தக்காளியும் பெரிய பூண்டும் போட்ட குழம்போடு தருவார்கள். 'ரிபொல்லீத்தா' என்பது பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி சேர்த்துக் கொதிக்க வைத்தது. அதில் இறைச்சிச் சாறு சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். 'சென்சா கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல். ரொட்டியில் உப்பே இருக்காது, அது அந்த ஊர் வழக்கம். ஆலிவ் எண்ணெயும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டால் பழகிவிடும்.

சிற்றூர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் நான்கு மணி சுமாருக்குத்தான் திறக்கும். பன்னிரண்டரைக்குள் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

எந்த மாதம்?

மே அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் மேட்டின் மேல் நிழலே கிடையாது. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறிலிருந்து வேட்டைக் காலம், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குத் தடை, காட்டு வழிகளை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மனைவியும் பத்து வயது மகளும் வருகிறார்கள். ஏற்றமே இல்லாத வழி உண்டா?

உண்டு. அரெட்ஸோவிலிருந்து கியூசி வரை, ஒரு கால்வாய்க் கரையோரம் 62 கிலோமீட்டர். 'சென்தியேரோ தெல்லா போனிஃபீக்கா' என்று பெயர். ஒருகாலத்தில் சதுப்பாகக் கிடந்த பள்ளத்தாக்கின் தண்ணீரை வடித்து விளைநிலமாக்கிய கால்வாய் அது. கோர்த்தோனா மாதிரி மேட்டு ஊர்களைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம். இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இருக்கிறது. சைக்கிள் அடையாளம் போட்ட வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுத்தால் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு நாளாகப் பிரித்தால் மகளுக்கும் சுகமாக இருக்கும்.

நாய்த் தொல்லை உண்டா?

தெருநாய் அநேகமாகக் கிடையாது. ஆட்டு மந்தை தெரிந்தால் மட்டும் கவனம். மந்தையோடு வெள்ளை நிறத்தில் பெரிய மரெம்மா நாய்கள் இருக்கும். ஓநாயை விரட்டவே வளர்க்கப்பட்டவை, வேகமாக நகரும் எதையும் நம்பாது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடங்கள். ஓடவோ கல்லெடுக்கவோ கூடாது. பியென்சா என்ற ஊருக்குக் கீழே ஒரு முறை மூன்று நாய்கள் பாதையை மறித்தன. அப்படியே நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து மேட்டின் மேலிருந்து ஆட்டுக்காரர் ஒரு சீட்டி அடித்தார். மூன்றும் திரும்பி ஆடுகளுக்குள் போய்விட்டன.