ரோபோ வேக்குவம் மக்கர் செய்தால்: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து வீடுகளின் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வொர்த்: அண்ணா, லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரன்ட் நிறுத்துவது) ஆனால் ரோபோ கூடத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. கரன்ட் வந்த பிறகும் சார்ஜ் ஏற்றும் டாக்குக்குப் போவதில்லை. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரியைச் சந்தேகப்பட இப்போது காரணம் இல்லை. டாக் ஓயாமல் அகச்சிவப்பு சிக்னல் விடும். அதைப் பார்த்துத்தான் ரோபோ நேராக வந்து ஏறும். கரன்ட் போனால் சிக்னலும் போய்விடும். தேடிச் சுற்றியே சார்ஜ் தீர்ந்துவிடும். பிறகு கரன்ட் வந்தாலும் நகரத் தெம்பு இருக்காது. கையால் தூக்கி டாக்கில் வையுங்கள். முழுக்க இறங்கிய பேட்டரி விளக்கு காட்டவே அரை மணி ஆகலாம், பொறுங்கள். அப்படியே நாள்கணக்கில் தரையில் விட்டால்தான் லித்தியம் செல் நிஜமாகவே கெடும்.

2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் கேபிள் பழுதால் கரன்ட் போவது நிற்கவில்லை. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்துக்கே ஷெட்யூல் வையுங்கள். கரன்ட் திரும்பும் நொடியில் வோல்டேஜ் எகிறும். டாக்கைச் சர்ஜ் பாதுகாப்பு உள்ள பிளக்கில் செருகுவது அவசியம். டாக்கின் இருபுறமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியாக இருக்கட்டும். நேர் வெயில் படும் இடம் ஆகாது, வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு.

அமான்சிம்டோட்டி: டாக்கில் ஏறி நிற்கிறது, சார்ஜ்தான் ஏறவில்லை.

கடலோர வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது உலோகத் தொடுதகடுகளை. உப்புக் காற்றில் அவற்றின் மேல் மங்கலான படலம் படியும். டாக்கின் பிளக்கைக் கழற்றுங்கள், ரோபோவை ஆஃப் செய்யுங்கள். ரோபோவின் தகடுகளையும் டாக்கின் தகடுகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். போகாவிட்டால் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேயுங்கள். கருப்பு ஏறியிருந்தால் பென்சில் ரப்பர் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு உரிந்தால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் பேட்டரியைப் பாருங்கள். முன்பு 90 நிமிடம் ஓடியது இப்போது அரை மணியில் திரும்பினால் செல்களுக்கு வயதாகிவிட்டது. மாற்றும்போது மாடல் எண்ணும் வோல்டேஜும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான மாடல்களில் 14.4 வோல்ட். எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. பேக் உப்பியிருந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள், சார்ஜ் போடக் கூடாது. குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள்.

பீனிக்ஸ்: சாமி அறைப் பக்கம் ஓட்டிய பிறகு உறிஞ்சுவதே இல்லை, தம்பி.

விபூதிதான் காரணம் அக்கா. அது சாம்பல். சாதாரணத் தூசியைவிட நுண்மையானது, ஃபில்டரின் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கோலமாவு வேறு விதம். டர்பன் ஈரக்காற்றில் பசை மாதிரி ஒட்டும். இரண்டையும் ஈரத்துணியால் கையால் துடைத்துவிட்டு, அந்த இடத்தை ஆப்பில் தடைப்பகுதியாகக் குறித்துவிடுங்கள். விளக்கு தரையில் எரியும் நேரத்தில் ரோபோவை ஓட்டவே கூடாது.

ஃபில்டர் கழுவக்கூடியதா என்று கையேட்டில் பாருங்கள். கழுவலாம் என்றால் வெறும் தண்ணீர் மட்டும், சோப்பு கூடாது. நிழலில் 24 மணி நேரம் காயட்டும், ஈரம் மிகுந்த நம் கோடையில் இரண்டு நாள் விடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் அடிக்கும், காற்று மோட்டாரும் பழுதாகும். கழுவ முடியாத வகையானால் தொட்டி விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். இரண்டு ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. நன்றாகத் தட்டியும் இழுவை வராவிட்டால் புதிது போடுங்கள்.

டொங்காட்: ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது.

ரோபோவைக் கவிழ்த்து இரண்டு பெரிய சக்கரங்களையும் உள்ளே அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங்கோடு வெளியே வர வேண்டும், விரலால் சுற்றினால் இரண்டும் ஒரே மாதிரி சுற்ற வேண்டும். முன் குட்டிச் சக்கரத்தை நேராக இழுத்தால் கழன்று வரும். அச்சில் சுற்றிய முடியைக் கத்தரித்து எடுங்கள். இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. அடுத்து முன் பம்பரை இடது, நடு, வலது என்று அழுத்துங்கள். கடல் மணல் இடுக்கில் புகுந்தால் பம்பர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், ஏதோ இடித்துவிட்டதாக நினைத்து ரோபோ திரும்பிக்கொண்டே இருக்கும். முக்கியப் பிரஷின் இரு முனை பேரிங்குகளில் முடி இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நீண்ட கூந்தல் உள்ள வீட்டில் இது வாரம் ஒருமுறை வேலை.

லெனேசியா (இது மட்டும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து): கருப்புக் கம்பளத்தில் ஏற மறுக்கிறது.

அடிப்பக்க சென்சார்கள் அகச்சிவப்பு ஒளி திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கருப்பு அதை விழுங்கிவிடுவதால் அது படிக்கட்டுப் பள்ளம் என்று முடிவு செய்கிறது. சென்சார்களைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் கம்பளத்தைச் சுருட்டி வையுங்கள். டேப் ஒட்டி மறைக்கச் சிலர் சொல்வார்கள். வீட்டில் மாடிப்படி இருந்தால் செய்யாதீர்கள், உருண்டு விழுந்துவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்தது. பிளக் மட்டும் மாற்றினால் போதுமா?

டாக்கின் அடியில் 'இன்புட்' வரியைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் அடாப்டர் போதும். தூசியைத் தானே பையில் உறிஞ்சும் பெரிய டாக்குகளில் 120 வோல்ட் மட்டும் என்றிருப்பவை உண்டு. அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே எரியும். அதற்கு அதன் மோட்டார் வாட்டைத் தாங்கும், வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதே மாடலுக்கு 230 வோல்ட் டாக் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குவதே மேல்.