மளிகைக் கடையில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் போனால் அடுத்து என்ன நடக்கும்?

மாதிரி எடுத்தாலே அபராதம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. அது சோதனையின் ஆரம்பம்தான்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டப்படி, அலுவலர் எடுக்கும் பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும். மஞ்சள் தூளோ, துவரம் பருப்போ, அதைக் கடைக்காரர் முன்னிலையில் நான்காகப் பிரித்து, சீல் வைத்து, அவரிடம் கையெழுத்து வாங்குவார். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பங்கு நியமன அலுவலரிடம் (மாவட்ட அளவில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான மேலதிகாரி) இருக்கும். நான்காவதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்: கடைக்காரர் கேட்டால் அது அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்குப் போகும். இரண்டு முடிவும் முரண்பட்டால், மேல்நிலை ஆய்வகம் சொல்வதே இறுதி. அதனால் அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. தரக்குறைவு என்று உறுதியானால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உயிருக்கு ஆபத்தான கலப்படம் என்றால் கிரிமினல் வழக்கு.

பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். சரக்கு எந்த மொத்த வியாபாரியிடம் வாங்கியது என்று காட்ட அதுதான் கைகொடுக்கும். அப்புறம், திருப்பி அனுப்ப வைத்திருக்கும் காலாவதிப் பொருளை விற்பனை அலமாரியில் வைக்காமல், ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதித் தனியாக வையுங்கள்.

வாடிக்கையாளரும் கட்டணம் கட்டி, தான் வாங்கிய பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.