ஜேம்ஸ் ஜீன் படங்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

இல்லஸ்ட்ரேஷன்தான் என் தொழில், ஜேம்ஸ் ஜீன் படங்களை ரொம்ப நாளாக உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றியும் அந்தப் பாணியில் வரைவது பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, யார் இவர்? பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஓவியர். 1979-இல் தைவானின் தைபேயில் பிறந்து அமெரிக்காவில் நியூஜெர்சியில் வளர்ந்தவர். நியூயார்க்கில் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் 2001-இல் படிப்பை முடித்தார். 'ஃபேபிள்ஸ்' காமிக்ஸ் தொடருக்கு அட்டைப்படம் போட்டுத்தான் பெயர் வந்தது. காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரில், சிறந்த அட்டை ஓவியர் விருதை 2004 முதல் 2009 வரை வருடா வருடம் வாங்கினார். நடுவில் பிராடா ஃபேஷன் கம்பெனிக்குச் சுவரோவியம், துணி டிசைன் என்று வேலை செய்துவிட்டு, அட்டைப்பட வேலையை விட்டுச் சொந்த ஓவியங்களுக்குப் போனார். 2017-இல் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்', 'பிளேட் ரன்னர் 2049', 'மதர்!' என மூன்று படங்களுக்குப் போஸ்டர் வரைந்திருக்கிறார். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' போஸ்டரும் அவருடையதுதான்.

ஒரே படத்துக்குள் பூ, மீன், முயல், குழந்தை, நீராவி, துணி மடிப்பு என்று எல்லாவற்றையும் திணித்து வைத்திருக்கிறார். எனக்குத் தலைதான் சுற்றுகிறது. இதில் எதை ரசிக்க வேண்டும்?

முதலில் படத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள், தபால்தலை அளவுக்கு. நல்ல நெரிசல் படத்துக்கு இதுதான் சோதனை. அந்த அளவிலும் இரண்டு மூன்று பெரிய வடிவங்கள் தெளிவாக நிற்கும்: ஒரு வளைவு, ஒரு உருவம், பின்னால் வெளிச்சமான ஒரு வெளி. ஆயிரம் சின்ன விஷயங்களும் அந்தப் பெரிய வடிவங்களுக்குள்ளேதான் அடங்கியிருக்கும், ஒன்றுகூட எல்லையைத் தாண்டி வந்து குழப்பாது. இன்னொன்று, விவரம் எவ்வளவு இருந்தாலும் வெளிச்சம்-இருட்டு வித்தியாசத்தை அவர் சில இடங்களில்தான் பெரிதாக வைக்கிறார், மற்ற இடத்தில் எல்லாம் கோடுகள் பக்கத்துப் பக்கத்துச் சாயல்களிலேயே ஓடிக்கொண்டிருக்கும், அதனால் கண் முதலில் முகத்துக்கோ கைக்கோ போய்விட்டு அப்புறம் நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஆரம்பிக்கும். 'ஷேப் ஆஃப் வாட்டர்' போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தழுவி நிற்கும் இரண்டு உருவம், கிட்டத்தட்ட ஒரே நீலப்பச்சை. அடக்கி வாசிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவரால் இவ்வளவு நிரப்பவும் முடிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாம் கம்ப்யூட்டர் வேலைதானே?

இல்லை. ஃபேபிள்ஸ் காலத்தில் காகிதத்தில் பென்சிலாலும் மையாலும் வரைந்து, வர்ணம் தீட்டி, ஸ்கேன் செய்து, ஃபோட்டோஷாப்பில் முடித்தார். பெரிய ஓவியங்களில் போக்கு வேறு. நோட்டுப் புத்தகத்தில் ஸ்கெட்ச், கம்ப்யூட்டரில் அமைப்பையும் நிறத்தையும் முடிவு செய்வது, கடைசியில் கேன்வாஸில் ஆக்ரிலிக் வர்ணம். ஆரம்பமும் கை, முடிவும் கை. மெஷின் நடுவில் நின்று, எதை எங்கே வைக்கலாம், வானம் சிவப்பா மஞ்சளா என்று பயமில்லாமல் பத்து விதமாக மாற்றிப் பார்க்க உதவுகிறது. காகிதத்தில் அந்தத் துணிச்சல் யாருக்கும் சுலபத்தில் வராது, அழித்து அழித்துக் காகிதமே கிழிந்துவிடும்.

என் பென்சில் படத்தை ஸ்கேன் செய்தால் அழுக்காக, சாம்பலாக வருகிறது. என்னிடம் இருப்பது ஏ4 ஸ்கேனர்தான்.

ஏ4 போதும். கிரேஸ்கேலில் (கறுப்பு-வெள்ளைச் சாயல்கள் மட்டும்) 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள், பிறகு இரண்டு மடங்கு பெரிதாக அச்சடித்தாலும் 300 டிபிஐ மிஞ்சும். ஏ3 படம் என்றால் இரண்டு பாதியாக, நடுவில் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி ஸ்கேன் செய்து ஃபோட்டோஷாப்பில் துண்டுகளை ஒட்டித் தரும் ஃபோட்டோமெர்ஜ் கொடுங்கள். அப்புறம் வெளிச்சம்-இருட்டைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளைப் பக்கத்துக் குமிழைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். ரொம்பத் தள்ளாதீர்கள் தம்பி! காகிதத்தின் சொரசொரப்பும் பென்சிலின் மென்மையும் போய்விட்டால் கையால் வரைந்ததற்கே அர்த்தமில்லை. அந்த லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) மல்டிப்ளை மோடில் வைத்தால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும், கீழே புது லேயரில் நிறம் பூசலாம்.

கோடுகள் கறுப்பாக இல்லாமல் பழுப்பு, ஊதா என்று மாறிக்கொண்டே போகின்றனவே, அது எப்படி?

கோட்டு லேயருக்கு மேலே இன்னொரு லேயர் போட்டு, நிறம் கலக்கும் மோடை ஸ்க்ரீன் ஆக்கி, கோட்டு லேயரை மட்டும் பாதிக்கிற மாதிரி அதோடு கிளிப்பிங் மாஸ்க்காகக் கட்டுங்கள். அதில் நீங்கள் பூசும் நிறம் கறுப்புக் கோட்டில் மட்டும் ஏறும், வெள்ளை அப்படியே இருக்கும். தோல் பக்கம் செம்பழுப்பு, தூரத்தில் இருப்பதற்கு வெளிர் நீலம் என்று கொடுத்தால் நெரிசல் பாதி குறைந்துவிடும். இது என் வழி, அதே பலன் தருகிற வேறு வழிகளும் உண்டு.

இந்தப் பாணியைக் காப்பி அடித்துப் பழகலாமா?

பழகுவதற்குத் தாராளமாக, உங்கள் படம் என்று விற்பதற்குக் கூடாது. ஆனால் அவர் பார்த்ததைப் பார்ப்பது இன்னும் நல்லது: சீனச் சுருள் ஓவியங்கள், ஜப்பானிய மரக்கட்டை அச்சுகள், மறுமலர்ச்சிக்கால உருவப்படங்கள், பழைய உடற்கூறு நூல்களின் செதுக்குப்படங்கள். அவருடைய அலைகளையும் மேகங்களையும் கவனித்துவிட்டு ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அச்சுகளைப் பாருங்கள், கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பது பிடிபடும். ஜீனை மட்டுமே பார்த்து வரைகிறவர்களிடம் பூவும் குமிழியும் வந்துவிடுகிறது, உடற்கூறு வருவதில்லை. கை, கால், கழுத்து ஒழுங்காக வரையத் தெரியாமல் மேலே அலங்காரம் ஏற்றினால் அந்த அலங்காரமே குறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐபேட் மட்டும் போதுமா?

போதும். ஆனால் கண்ட இடத்தில் எல்லாம் ஜூம் செய்து விவரம் போடுகிற பழக்கம் வரும். அடிக்கடி முழுப்படத்துக்கு வந்து பாருங்கள்.

திரையில் பளிச்சென்று இருக்கிறது, அச்சில் மங்கிவிடுகிறது. கடையைக் குறை சொல்வதா, என்னையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. திரையின் பளீர் நீலத்தையும் பச்சையையும் அச்சின் நான்கு மைகளால் கொண்டுவரவே முடியாது. ஆரம்பத்திலிருந்தே ஃபோட்டோஷாப்பில் அந்த நான்கு மையில் எப்படி வரும் என்று காட்டும் சிஎம்ஒய்கே ப்ரூஃப் வைத்துப் பார்த்துக்கொண்டே நிறம் போடுங்கள், முழுப் பிரதிக்கு முன் ஒரு மூலையை மட்டும் அதே காகிதத்தில் அச்சடித்துப் பாருங்கள். நெரிசல் படத்தில் இருட்டான பகுதிகள்தான் முதலில் அடைந்துபோகும், அங்கே கோட்டுக்கும் பின்னணிக்கும் திரையில் தேவைப்படுவதைவிட அதிக வித்தியாசம் விட்டுவையுங்கள்.