அடைப்புக்குறிக்குள் ஒரு தங்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் என் ஜெப வாழ்க்கையை விரிவாக்க நினைக்கிறேன். இதுவரை விண்ணப்பங்களைச் சொல்லி ஆமென் போடுவதோடு சரி. இந்த 40 நாளுக்கு ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். காலையில் லெக்சியோ டிவினா (வேதப் பகுதியை மெதுவாக வாசித்துத் தியானிப்பது), மதியம் இயேசு ஜெபம் (‘இயேசுவே, எனக்கு இரங்கும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது), இரவில் புனிதர் இக்னேஷியஸ் லொயோலா சொன்ன ஆன்ம சோதனை (அன்றைய நாளைத் தேவன்முன் திரும்பிப் பார்ப்பது). ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது வீண்வார்த்தை ஆகிவிடாதா? தினமும் 20 நிமிடம் போதுமா, 40 வேண்டுமா? (என் தங்கை இறந்து ஏழு மாதமாகிறது. அதைப் பற்றி மட்டும் ஜெபிக்க வாய் வரவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சம்பந்தமில்லாததை எதற்காக எழுதினீர்கள்?

வீண்வார்த்தை பயத்தை விடுங்கள். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார் என்கிறார் மத்தேயு. அட்டவணையும் நல்ல அட்டவணைதான். ஆனால் லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. அதைக்கூடப் பார்க்காமல் கட்டம் போட்டிருக்கிறீர்கள்.

என் கோபம் அதில் இல்லை. அத்தனை கட்டங்களில் தங்கைக்கு ஒன்றுகூட இல்லையே, அதில்தான். தேவனிடம் போகும்போது நாமெல்லோரும் முகம் கழுவிக்கொண்டு போகிறோம். ஸ்தோத்திரம், நன்றி, பணிவான விண்ணப்பம். வேதாகமத்தில் சங்கீதங்களைப் பாடியவர்களுக்கு அந்த நாசூக்கு தெரியாது. 13ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. அதுவாவது கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. ஏமான் பாடிய 88ஆம் சங்கீதம் திரும்பவே இல்லை. சிநேகிதர்களை என்னைவிட்டு விலக்கினவர் நீர்தான் என்று குற்றம்சாட்டி அப்படியே நின்றுவிடுகிறது. சமாதானம் சொல்ல ஒரு வரி கிடையாது. அதையும் வேதாகமத்தில் சேர்த்தார்கள். யாரும் கடைசியில் ஓர் அல்லேலூயா ஒட்டவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். அம்மாவுக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோனது. சில நாள் கழித்து, ராத்திரி யாரோடோ அம்மா சண்டை போடும் சத்தம் கேட்டு விழித்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. “கொடுக்காமலே இருந்திருக்கலாமே! எதுக்குக் கொடுத்தீர்?” ‘கொடுத்தீர்’ என்றது காதில் விழுந்த பிறகுதான் யாரோடு பேசுகிறாள் என்று புரிந்தது. பயந்து போர்வைக்குள் புகுந்துகொண்டேன், வானத்திலிருந்து ஏதாவது விழும் என்று. ஆலயத்தில் மனம் கசந்து ஜெபித்த அன்னாளைப் பார்த்து, குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்த ஆசாரியன் ஏலியைவிட நான் ஒன்றும் புத்திசாலியாக இல்லை. அந்த ஞாயிறும் அம்மா வழக்கம்போல ஆராதனைக்குப் போனாள். ஸ்தோத்திரம் சொல்லும் இடத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்படிப் பல வாரம். பிறகு ஒரு நாள் திறந்தாள்.

எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அப்பா இறந்தபோது அழகாக நன்றி ஜெபம் செய்தேன். வந்திருந்தவர்கள் பாராட்டினார்கள். அப்புறம் இரண்டு வருடம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல் வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மன்னியுங்கள்.

அட்டவணையைக் கிழிக்க வேண்டாம். லெக்சியோ டிவினாவுக்கு எந்தப் பகுதி எடுத்திருக்கிறீர்களோ, அதை விட்டுவிட்டு 88ஐ எடுங்கள். மெதுவாக, சத்தமாக. தங்கையின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் எதுவென்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்தில் அழுகையோ ஆத்திரமோ வந்தால் அடுத்த வசனத்துக்கு ஓடாதீர்கள்.

நிமிடக் கணக்கு கேட்டிருந்தீர்கள். அந்தச் சங்கீதத்தில் 18 வசனம்தான். 20 நிமிடம் தாராளம்.